நோபெல் என்ற குடும்பப்பெயர்: ஸ்கோனே கிராமத்திலிருந்து ஸ்டாக்ஹோம் மேடை வரை

ஒவ்வோர் அக்டோபரிலும் பரிசு அறிவிப்புகள் வெளியாகும்போது இரண்டு தவறான விளக்கங்களும் கூடவே கிளம்பும். "நோபல்" என்பது ஆங்கிலத்தின் "நோபிள்" என்ற சொல்தான், உன்னதமானவர்களுக்குத் தருவதால் அந்தப் பெயர் என்பது ஒன்று. ஆல்ஃபிரட் நோபெல் பிரபு வம்சத்தில் வந்தவர், பெயரே அதைச் சொல்கிறது என்பது இன்னொன்று. முதல் விளக்கத்தை நம்பியவர்கள்தான் ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிவிடுகிறார்கள்.

உண்மையில் நோபெல் என்பது தென் ஸ்வீடனில் உள்ள ஓர் ஊர்ப்பெயரின் சுருங்கிய வடிவம். ஓர் உழவரின் மகன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஊர்ப்பெயருக்கு லத்தீன் வால் ஒட்டிக்கொண்டது. அவருடைய பேரன் அந்த வாலை வெட்டினார். இடையில் நடந்ததைப் புரிந்துகொண்டால், ஸ்காண்டிநேவியக் குடும்பப்பெயர்கள் எல்லாம் எப்படி உருவாயின என்பதும் புரிந்துவிடும். எனவே அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

## குடும்பப்பெயர் இல்லாத காலம்

17ஆம் நூற்றாண்டு ஸ்வீடனில் பெரும்பாலான மக்களுக்குக் குடும்பப்பெயர் என்ற ஒன்றே கிடையாது. ஒருவருக்கு இருந்தது இரண்டு: ஞானஸ்நானத்தில் வைத்த சொந்தப் பெயர், தகப்பன் பெயர். ஓலோஃப் என்பவரின் மகன் பேர் என்றால் அவர் "பேர் ஓலோஃப்சன்", அதாவது ஓலோஃபின் மகன் பேர். மகள் கரின் என்றால் "கரின் ஓலோஃப்ஸ்டாட்டர்", ஓலோஃபின் மகள் கரின். பேருக்கு ஒரு மகன் பிறந்தால் அவன் ஓலோஃப்சன் ஆக மாட்டான், "பேர்சன்" ஆவான். பின்னொட்டு தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டின் இனிஷியல் முறையும் இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. மு. கண்ணனின் மகன் க. முருகன், அவர் மகன் மு. செல்வன் என்று எழுத்து மாறிக்கொண்டே போவதைப் போலத்தான் அங்கேயும். தமிழில் தகப்பன் பெயர் முன்னால் ஓர் எழுத்தாக நிற்கும். ஸ்வீடிஷில் பின்னால் முழுப்பெயராக நின்று, "மகன்" அல்லது "மகள்" என்று உறவையும் சொல்லும்.

இந்த முறையில் மூன்று செய்திகளைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் குழப்பங்களுக்கெல்லாம் விடை இவற்றில்தான் இருக்கிறது.

1. அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே பின்னொட்டு வராது. அண்ணன் ஓலோஃப்சன், தங்கை ஓலோஃப்ஸ்டாட்டர்.
2. கல்யாணத்தால் பெண்ணின் பெயர் மாறாது. அவள் கணவனின் மகள் அல்லவே. கணவன் பெயரை மனைவி சூடிக்கொள்ளும் வழக்கம் ஸ்வீடனில் சாதாரண மக்களிடையே 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.
3. ஸ்வீடிஷில் இந்தப் பெயர்களை எழுதும்போது இரண்டு எஸ் வரும். ஒன்று "உடைய" என்ற வேற்றுமை உருபு. மற்றொன்று "சன்" என்ற சொல்லின் முதல் எழுத்து. டென்மார்க்கிலும் நார்வேயிலும் இது ஒரே எஸ் ஆகச் சுருங்கி "சென்" என்று நிற்கும். ஆண்டர்சன் என்று இரண்டு எஸ் இருந்தால் ஸ்வீடன், ஆண்டர்சென் என்றால் டென்மார்க் அல்லது நார்வே என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

## ஓலோஃபின் மகன் நோபெலியஸ் ஆன விதம்

ஸ்வீடனின் தென்கோடி மாநிலம் ஸ்கோனே. அதன் தென்கிழக்குக் கரையோரத்தில் ஓஸ்த்ரா நொப்பெலோவ் என்று ஒரு திருச்சபைப் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர், உண்டு. "ஓஸ்த்ரா" என்றால் கிழக்கு. அதே மாநிலத்தில் மேற்கு நொப்பெலோவும் வடக்கு நொப்பெலோவும் இருப்பதால் திசை சேர்த்துச் சொல்கிறார்கள். இப்படி ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதற்குக் காரணம் பெயரின் பொருள்தான்: "புதுக் குடியிருப்பு". நம் பக்கத்துப் புதூர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு வராது.

அந்த ஊர் உழவர் ஓலோஃபின் மகன் பேர், 1650களில் பிறந்தவர். அப்போது ஸ்கோனே டென்மார்க் அரசின் நிலம். 1658இல் ரோஸ்கில்டே உடன்படிக்கைப்படி அது ஸ்வீடனுக்குக் கைமாறியது. டென்மார்க்கின் குடியாகப் பிறந்த பிள்ளை, ஸ்வீடனின் குடியாக வளர்ந்து, வடக்கே உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார்.

பல்கலைக்கழகத்தின் மொழி லத்தீன். பாடம் லத்தீனில், வாதம் லத்தீனில், மாணவர் பதிவேடும் லத்தீனில். அந்தப் பதிவேட்டுக்குள் நுழையும்போது பெயர் மூன்று படிகளில் மாறும்:

1. சொந்தப் பெயருக்கு லத்தீன் வடிவம்: பேர் என்பது பெட்ருஸ் ஆகும்.
2. தகப்பன் பெயருக்கு லத்தீன் வேற்றுமை: ஓலோஃப்சன் என்பது "ஓலாய்" ஆகும். ஓலோஃபுக்கு லத்தீன் வடிவம் ஓலாவுஸ். "ஓலாவுஸின்" என்பதற்கு ஓலாய். "மகன்" என்ற சொல் மறைந்துவிடும். "இன்னாருடைய" என்ற உருபு மட்டும் மிஞ்சும்.
3. இதற்குப் பிறகும் அடையாளம் போதாது. பெட்ருஸ் ஓலாய் என்று பத்துப் பேர் இருப்பார்கள். எனவே மூன்றாவதாக ஓர் ஒட்டு: பெரும்பாலும் பிறந்த ஊர் அல்லது பண்ணையின் பெயர், "இயஸ்" என்ற லத்தீன் விகுதியோடு. நொப்பெலோவ் என்பது நோபெலியஸ் ஆனது.

இப்படித்தான் பேர் ஓலோஃப்சன் என்ற உழவர் மகன், பெட்ருஸ் ஓலாய் நோபெலியஸ் ஆனார். மூன்று சொற்களில் மூன்று தகவல்: யார், யாருடைய மகன், எந்த ஊர்.

இவர் சட்டம் படித்து நீதிபதியானார். 1696இல் வெண்டேலா ருட்பெக்கை மணந்தார். வெண்டேலாவின் தகப்பனார் பெரிய ஓலோஃப் ருட்பெக், நிணநீர் நாளங்களைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், உப்சாலாவில் உடற்கூறியல் அரங்கைக் கட்டியவர். உழவர் வீட்டுப் பிள்ளை ஒரே தலைமுறையில் நாட்டின் முதன்மையான அறிஞர் குடும்பத்துக்கு மருமகனாகப் போய்ச் சேர்ந்தார். லத்தீன் பெயர் அந்தக் காலத்தில் என்ன வேலை செய்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. "இயஸ்" என்று முடிந்தால் படித்த குடும்பம் என்று ஊர் புரிந்துகொண்டது.

## அதே வழியில் வந்தவர்கள்

இந்த "இயஸ்" கூட்டத்தில் உலகமறிந்த பெயர்கள் பல.

வெப்பமானியில் தினமும் நாம் சொல்லும் செல்சியஸ், ஹெல்சிங்லாந்து மாநிலத்து ஓவனோக்கர் பங்கின் குருமனை (பாதிரியார் வீடு) பெயரிலிருந்து வந்தது. அந்த இடத்தின் பெயருக்கு மேடு, குன்று என்று பொருள். "உயர்ந்த" என்ற பொருளுடைய லத்தீன் சொல் செல்சுஸ். 1903இல் வேதியியல் பரிசு பெற்ற ஸ்வாந்தே அர்ரேனியஸின் பெயரும் அப்படித்தான், ஸ்மோலாந்தின் ஓரேனா என்ற ஊரிலிருந்து வந்தது.

தாவரங்களுக்கு இருசொற் பெயர்முறை தந்த லின்னேயஸின் கதை சற்று வேறு. அவருடைய தகப்பனார் நில்ஸ் இங்கெமார்சன், லுண்ட் பல்கலைக்கழகத்தில் சேரும்போதுதான் குடும்பப்பெயர் தேவைப்பட்டது. குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தின் பெயரை எடுத்து லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். அதே மரத்திலிருந்து உறவினர்கள் லிண்டேலியஸ், டிலியாண்டர் என்று வேறு இரண்டு பெயர்களை எடுத்தார்கள். டிலியா என்பது அந்த மரத்துக்கு லத்தீன் பெயர். "ஆண்டர்" என்பது ஆண் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த விகுதி. ஒரே மரம், மூன்று குடும்பப்பெயர்கள். பெயர் ஒத்திருந்தால்தான் உறவு என்ற நம் பழக்கமான கணக்கு இங்கே செல்லாது.

## வால் போன கதை

நோபெல் குடும்பத்தின் தலைமுறைகளை வரிசையாக வைத்தால் மாற்றம் எங்கே நடந்தது என்பது தெரியும்:

1. ஓலோஃப், நொப்பெலோவ் உழவர். குடும்பப்பெயர் இல்லை.
2. பெட்ருஸ் ஓலாய் நோபெலியஸ், நீதிபதி.
3. ஓலோஃப் பேர்சன் நோபெலியஸ், நுண்ணோவியர், உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஓவிய ஆசிரியர்.
4. இம்மானுவேல் நோபெலியஸ் (1757–1839), அறுவை மருத்துவர். இவர்தான் நோபெல் ஆனவர்.
5. இம்மானுவேல் நோபெல் (1801–1872), யாவ்லே நகரில் பிறந்தவர், பொறியாளர், கண்ணிவெடி செய்தவர்.
6. ராபர்ட், லுட்விக், ஆல்ஃபிரட் (1833–1896), எமில்.

மூன்றாவது வரியைச் சற்று உற்றுப் பாருங்கள். நோபெலியஸ் என்ற நிலையான பெயர் வந்த பிறகும் "பேர்சன்" போகவில்லை. புது முறை பழைய முறையைத் துரத்தவில்லை. அதன்மேல் அடுக்காக வந்து உட்கார்ந்தது. ஸ்வீடன் ஆவணங்களில் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்த இரட்டை அடுக்கைப் பார்க்கலாம்.

நான்காம் வரியில் நடந்தது தனியொருவரின் விருப்பம் மட்டும் இல்லை. அந்த நூற்றாண்டில் லத்தீனின் செல்வாக்கு இறங்கி பிரெஞ்சின் செல்வாக்கு ஏறியது. நீண்ட "இயஸ்" பழமைவாசனை அடித்தது. பலரும் வெட்டினார்கள். பெயரின் நடுவில் இருந்த அழுத்தம் மட்டும் அதே இடத்தில் நின்றது. நோ-பே-லி-யஸ் என்று சொல்லும்போது அழுத்தம் "பே"யில் விழும். வாலை வெட்டியதும் அதே அசை கடைசி அசையாகிவிட்டது. ஸ்வீடிஷ்காரர்கள் இன்றும் "நோ-பெல்" என்று இரண்டாம் அசையில் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஸ்வீடிஷில் முதலசையில் அழுத்துவதே பெரும்பான்மை வழக்கு. கடைசி அசையில் அழுத்தம் விழும் குடும்பப்பெயரைக் கேட்டால், பின்னால் ஒரு லத்தீன் வால் இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். தமிழில் நோபல், நோபெல் என்று இரண்டும் புழங்குகின்றன. மூலத்துக்கு நெருக்கமானது நோபெல்.

வெண்டேலாவின் குடும்பத்திலும் இதேதான் நடந்தது. அவளுடைய பாட்டனார் வெஸ்தெரோஸ் ஆயர் யோஹான்னஸ் ருட்பெக்கியஸ். தகப்பனார் ஓலோஃப் ருட்பெக். அங்கே ஒரே தலைமுறையில் வால் போய்விட்டது.

பழைய முறையே தொடர்ந்திருந்தால் டைனமைட்டைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் இம்மானுவேல்சன். இதில் ஒரு சுவையான திருப்பமும் உண்டு. குடும்பம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் குடிபெயர்ந்தபோது, ரஷ்ய வழக்கப்படி தகப்பன் பெயர் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. காஸ்பியன் கடலோர நகரான பாக்குவில் எண்ணெய்த் தொழில் நடத்திய லுட்விக், ரஷ்ய ஆவணங்களில் லுட்விக் இம்மானுயிலோவிச் நோபெல். அவர் மகன் இம்மானுயில் லுட்விகோவிச்.

## மற்ற வழிகள்: பரிசுப் பட்டியலையே பாருங்கள்

லத்தீன் வழி படித்தவர்களுக்கு மட்டும் திறந்திருந்தது. மற்றவர்கள் குடும்பப்பெயர் பெற்றது வேறு வழிகளில். விசித்திரமாக, இலக்கியப் பரிசு பெற்ற ஸ்காண்டிநேவியர்களின் பட்டியலிலேயே பெரும்பாலான வகைகளுக்கும் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

இயற்கைச் சொற்கள். ஸ்வீடனின் நகர மக்களும் கைவினைஞர்களும் இரண்டு இயற்கைச் சொற்களைச் சேர்த்துப் பெயர் கட்டினார்கள். பெர்க் மலை, ஸ்ட்ரோம் ஓடை, லிண்ட் லிண்டன் மரம், க்விஸ்ட் சுள்ளி, கிரேன் கிளை. லிண்ட்பெர்க், பெர்க்ஸ்ட்ரோம், லிண்ட்க்விஸ்ட் என்று எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாம். இவற்றுக்கு ஒட்டுமொத்தப் பொருள் தேடக் கூடாது. பெர்க்ஸ்ட்ரோம் என்பவரின் மூதாதை மலையோடை ஓரம் வாழ்ந்தார் என்று கற்பனை செய்ய வேண்டாம். 1909இல் பரிசு பெற்ற செல்மா லாகெர்லோஃபின் பெயரும் இந்த அமைப்புதான்: லாகெர் என்றால் லாரல் மரம், லோஃப் என்றால் இலை.

பண்ணைப் பெயர். நார்வேயில் ஒருவரின் மூன்றாவது பெயர் அவர் வாழும் பண்ணையின் பெயர். இது முகவரி, பரம்பரைச் சொத்து அன்று. பண்ணை மாறினால் பெயர் மாறும். மனைவி வீட்டுப் பண்ணைக்குக் குடிபோன கணவன் அந்தப் பண்ணையின் பெயரை ஏற்றான். 1920இல் பரிசு பெற்ற க்னூட் ஹாம்சுன், பிறப்பால் க்னூட் பெடர்சென். வளர்ந்த பண்ணையின் பெயர் ஹாம்சுண்ட். அந்தப் பெயரோடு எழுதிக்கொண்டிருந்தவருக்கு 1885இல் அச்சில் வந்த ஒரு கட்டுரையில் கடைசி "ட்" விடுபட்டுப் போனது. அவர் அப்படியே வைத்துக்கொண்டார். அச்சுப்பிழையிலிருந்து பிறந்த குடும்பப்பெயர் அது. 2023இல் பரிசு பெற்ற யோன் ஃபோசேயின் பெயரும் பண்ணைப் பெயர் வகை. அடிச்சொல்லுக்கு அருவி என்று பொருள்.

உறைந்த தகப்பன் பெயர். 1903இல் பரிசு பெற்ற நார்வேக்காரர் பியோர்ன்ஸ்டியர்னே பியோர்ன்சன். பியோர்னின் மகன் என்று பெயர் சொல்கிறது. ஆனால் அவர் தகப்பனார் பெயர் பேடர். பழைய கணக்குப்படி அவர் பேடர்சென் ஆகியிருக்க வேண்டும். தகப்பனாரின் பியோர்ன்சன் உறைந்து மகனுக்கும் அப்படியே வந்தது. இப்படி உறைவதுதான் இந்த வரலாற்றின் நடுமையம். கீழே விரிவாகப் பார்ப்போம்.

சிப்பாய்ப் பெயர். இதற்குப் பரிசுப் பட்டியல் தேவையில்லை. 1682 முதல் மன்னர் பதினொன்றாம் கார்ல் கொண்டுவந்த படை ஏற்பாட்டில், சில பண்ணைகள் சேர்ந்த ஒரு குழு ஒரு சிப்பாயைத் தந்து, அவருக்குக் குடிசையும் துண்டு நிலமும் கொடுக்க வேண்டும். காலாட்படைக் கம்பெனி ஒன்றுக்கு 150 பேர். அதில் ஆண்டர்ஸ் ஆண்டர்சன் என்று ஐந்து பேர் இருந்தால் பெயர் கூப்பிடும்போது ஐந்து பேரும் பதில் சொல்வார்கள். எனவே ஒவ்வொருவருக்கும் குட்டிப் பெயர் சூட்டினார்கள்: ராஸ்க் (சுறுசுறுப்பு), மூடிக் (துணிவு), ஸ்டார்க் (வலிமை), ஷோல்ட் (கேடயம்), ஸ்வேர்ட் (வாள்). பெயர் ஆளோடு மட்டும் ஒட்டவில்லை, குடிசையோடும் ஒட்டியது. ஒரு ராஸ்க் ஓய்வு பெற்றுப் போனால், அதே குடிசைக்கு வரும் அடுத்த சிப்பாயும் பல இடங்களில் ராஸ்க்தான். இருவருக்கும் இரத்த உறவு கிடையாது.

பிரபுப் பெயர். டென்மார்க் மன்னர் முதலாம் ஃபிரெடரிக் 1526இல் பிரபுக்கள் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஸ்வீடனில் 1626இல் பிரபுக்கள் அவைக்கு ஒழுங்குவிதி வந்தபோது பெயர்கள் பதிவாயின. பல, கேடயச் சின்னத்திலிருந்து வந்தவை. "நாட் ஓக் டாக்" குடும்பத்தின் பெயருக்கு இரவும் பகலும் என்று பொருள். கேடயம் இரண்டு நிறமாகப் பிரிந்திருந்ததால் அந்தப் பெயர். நோபெல் குடும்பம் இந்த அவையைச் சேர்ந்தது இல்லை.

## உறைய வைத்தது யார்?

நகரம், தொழிற்சாலை, பள்ளி, வாக்காளர் பட்டியல், அமெரிக்கக் கப்பல் பயணம் எல்லாம் வந்தபின் மாறிக்கொண்டே இருக்கும் பெயர் நிர்வாகத்துக்குத் தொந்தரவானது. நாட்டுக்கு நாடு தீர்வு வேறு.

டென்மார்க் முந்திக்கொண்டது. 1771இல் ஷ்லெஸ்விக் பகுதிக்கும், 1828இல் நாட்டுக்கும் ஆணை வந்தது: குழந்தைக்கு ஞானஸ்நானத்தின்போதே குடும்பப்பெயரும் குறிக்க வேண்டும். கிராமத்துப் பாதிரிமார் பலர் பழைய வழக்கத்தையே தொடர்ந்ததால் 1856இல் விதியை இறுக்கினார்கள். பெரும்பாலான உழவர்களிடம் அந்த நேரத்தில் இருந்தது தகப்பன் பெயர் மட்டுமே. அது அப்படியே உறைந்தது. விளைவு: யென்சென், நீல்சென், ஹான்சென் என்ற சில பெயர்களுக்குள் நாடே அடங்கிவிட்டது. வேறு பெயருக்கு மாறுவதை 1904இல் சட்டம் போட்டு எளிதாக்கினார்கள். 1944இல் பரிசு பெற்ற யோஹான்னஸ் வி. யென்சென் நடுவிலிருக்கும் "வி"யை விடாமல் எழுதியது, யென்சென்கள் நிறைந்த நாட்டில் இயல்பான காரியம்.

ஸ்வீடனில் குடும்பப்பெயர் ஆணை 1901 டிசம்பர் 5ஆம் தேதி வந்தது. முதல் நோபெல் பரிசுகள் வழங்கப்பட்டது அதே மாதம் 10ஆம் தேதி. ஐந்தே நாள் இடைவெளி. ஆணையின் நோக்கம் பலர் நினைப்பதுபோல் தகப்பன் பெயர் முறையைத் தடை செய்வது இல்லை. புதுக் குடும்பப்பெயர் எடுக்க அனுமதி வேண்டும், பிரபுக்களின் பெயரையோ பிறருடைய தனிப்பெயரையோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் நகரங்களில் ஏற்கனவே தொடங்கியிருந்த உறைதல் அதன்பின் கிராமங்களுக்கும் வேகமாகப் பரவியது. ஆண்டர்சன் மகனும் ஆண்டர்சன், மகளும் ஆண்டர்சன். "டாட்டர்" பொதுவழக்கிலிருந்து மறைந்தது. மகள் பெயரில் "மகன்" என்ற சொல் உட்கார்ந்திருக்கும் முரண் அப்போது தொடங்கியதுதான்.

நார்வே 1923இல் சட்டம் செய்தது. ஐஸ்லாந்து எதிர்த்திசையில் நடந்தது: 1925இல் புதிய குடும்பப்பெயர் எடுப்பதையே தடுத்தது. அங்கே இன்றும் தகப்பன் அல்லது தாய் பெயர்தான். பெயர்ப்பட்டியலை சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் அடுக்குவார்கள். 2019இல் வந்த சட்டம், ஆண் பெண் வகைக்குள் தம்மை அடக்காதவர்களுக்கு "பிள்ளை" என்ற பொருளில் மூன்றாவது விகுதியையும் தந்தது. 1955இல் இலக்கியப் பரிசு பெற்ற ஹால்டோர் லாக்ஸ்னெஸ், பிறப்பால் ஹால்டோர் குட்யோன்சன். லாக்ஸ்னெஸ் என்பது அவர் வளர்ந்த பண்ணையின் பெயர்.

## பெயர் சொத்தான பிறகு

ஆல்ஃபிரட் திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. பெயர் ராபர்ட், லுட்விக் ஆகியோரின் வழியில் தொடர்ந்தது. ஆனால் ஆல்ஃபிரட்டின் பெயர் நிறுவனங்கள் வழியாகவும் பரவியது. 1865இல் ஜெர்மனியில் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் டைனமிட் நோபெல் ஆனது. 1994இல் ஸ்வீடனின் நோபெல் இண்டஸ்ட்ரீஸ், டச்சு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்தபோது அக்சோநோபெல் பிறந்தது. பெயின்ட் டப்பாக்களில் நாம் பார்ப்பது அந்தப் பெயர். 1957இல் ஸ்டாக்ஹோம் நோபெல் கழகத்தில் 102ஆம் தனிமத்தைக் கண்டதாக அறிவித்தபோது நோபெலியம் என்று பெயரிட்டார்கள். அந்தச் சோதனை பின்னர் உறுதிப்படவில்லை. பெயர் மட்டும் நிலைத்தது. வெட்டி எறிந்த லத்தீன் வால் இன்னொரு வடிவில் திரும்பி வந்துவிட்டது.

பொருளாதாரப் பரிசு குறித்து ஆண்டுதோறும் எழும் சர்ச்சையும் குடும்பப்பெயர் பற்றியதே. ஆல்ஃபிரட்டின் 1895ஆம் ஆண்டு உயிலில் பொருளாதாரம் இல்லை. ஸ்வீடனின் மத்திய வங்கி 1968இல் நிறுவி, "ஆல்ஃபிரட் நோபெல் நினைவாக" என்ற சொற்களைச் சேர்த்தது. லுட்விக்கின் வழிவந்த வழக்கறிஞர் பீட்டர் நோபெல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். குடும்பத்தின் பெயரைக் குடும்பத்தைக் கேட்காமல் வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தியதாக அவர் பார்த்தார். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. உயிலில் ஆல்ஃபிரட் துறைகளைப் பெயர் சொல்லியே குறித்திருந்தார்.

பெயரைச் சொத்தாகக் காக்கும் எண்ணம் ஸ்வீடன் சட்டத்தில் ஆழமாகவே உண்டு. பல ஆண்டுகள் பெயர்மாற்ற விண்ணப்பங்களைப் பரிசீலித்தது காப்புரிமைப் பதிவு அலுவலகம். 2017 ஜூலை முதல் நடப்பிலுள்ள சட்டப்படி அந்த வேலை வரித்துறைக்குப் போயிற்று. அதன் விதி இப்படி:

1. 2,000 பேருக்குக் குறையாமல் உள்ள குடும்பப்பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டர்சன் ஆவதற்குத் தடையில்லை.
2. பிறருக்குரிய அரிய குடும்பப்பெயரோடும், வணிகக் குறியோடும் குழம்பும் புதுப்பெயர் கிடைக்காது.
3. தகப்பன் அல்லது தாயின் சொந்தப் பெயரோடு "சன்", "டாட்டர்" சேர்த்துப் பழைய முறைக்கே திரும்பலாம்.
4. இருவரின் குடும்பப்பெயரைச் சேர்த்து இரட்டைப்பெயரும் வைத்துக்கொள்ளலாம்.

## பட்டியலில் உள்ள மூன்று தமிழர்கள்

குடும்பப்பெயர் என்ற கட்டத்தைப் பரிசுப் பட்டியல் கட்டாயமாகக் கேட்கும். தமிழ்க் குடும்பங்களில் பிறந்த மூன்று அறிவியலாளர்கள் அந்தக் கட்டத்தை மூன்று விதமாக நிரப்பியிருக்கிறார்கள்.

1930இன் சி. வி. ராமன்: சி என்பது தகப்பனார் சந்திரசேகரின் பெயர். வெங்கடராமன் என்ற சொந்தப் பெயர் இரண்டாகப் பிரிந்து, பின்பாதி குடும்பப்பெயர் ஆகிவிட்டது. 1983இன் சுப்ரமணியன் சந்திரசேகர்: முதலில் தகப்பனார், அடுத்து சொந்தப் பெயர். அவரைச் சந்திரசேகர் என்று அழைத்த உலகம் சரியாகத்தான் அழைத்தது. 2009இன் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்: சொந்தப் பெயர் முதலில், ராமகிருஷ்ணன் தகப்பனாரின் பெயர். ஸ்வீடன் வகைப்பாட்டில் வைத்தால் இது பேர் ஓலோஃப்சனின் அதே அமைப்பு.

## வேர் தேடுபவர்கள் வழுக்கும் இடங்கள்

ஸ்வீடன் மூதாதையரைத் தேடுவதற்கு ஆதாரம் திருச்சபைப் பதிவேடுகள். 1686 திருச்சபைச் சட்டம் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கியது. பாதிரியார் வீடு வீடாக வேதபாடம் சோதித்து எழுதிய குடும்பப் பட்டியலும் உண்டு. ஒரே வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்த ஆண்டு எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்பது அதில்தான் கிடைக்கும். ஸ்வீடன் தேசிய ஆவணக்காப்பகம் இவற்றின் படங்களைக் கட்டணமின்றித் திறந்துவைத்திருக்கிறது. தேடும்போது பிழை நேரும் இடங்கள்:

1. பெயரை வைத்துத் தேடுவது. யோஹான் ஆண்டர்சன் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். ஊர், பண்ணை, பிறந்த நாள் மூன்றும் பொருந்த வேண்டும்.
2. 1850க்கு முந்தைய சாதாரணக் குடும்பத்தில் தகப்பனும் மகனும் ஒரே "சன்" பெயரோடு இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டும். தகப்பனின் சொந்தப் பெயரும் அதே பெயராக இருந்தாலன்றி அது பெரும்பாலும் தவறான இணைப்பு.
3. மனைவியைக் கணவன் பெயரில் தேடுவது. அவள் அவளுடைய தகப்பன் பெயரில்தான் பதிவாகியிருப்பாள்.
4. சிப்பாய்ப் பெயரை வம்சப்பெயராக எண்ணுவது. படைப்பட்டியலில் குடிசை எண்ணைப் பார்த்தால் யார் யாருக்குப் பின் வந்தார் என்று தெரியும். ஓய்வு பெற்றதும் சிப்பாய்ப் பெயரை விட்டுத் தகப்பன் பெயருக்குத் திரும்பியவர்களும் உண்டு.
5. எழுத்துக்கூட்டல். 1906 எழுத்துச் சீர்திருத்தம் பொதுச்சொற்களை மாற்றியது. குடும்பப்பெயர்கள் பழையபடி நின்றன. லோஃப், க்விஸ்ட் போன்றவற்றை இரண்டு கூட்டலிலும் தேட வேண்டும்.
6. ஒரே ஊர்ப்பெயர், ஒரே குடும்பம் என்ற முடிவு. நொப்பெலோவ் ஒன்றல்ல என்று மேலே பார்த்தோம். அவற்றுள் எந்த ஊரிலிருந்து படிக்கப் போன மாணவனுக்கும் நோபெலியஸ் என்ற பெயர் பொருந்தியிருக்கும். ஆல்ஃபிரட்டின் உறவு என்று சொல்ல வேண்டுமானால் பெயர் போதாது. ஓஸ்த்ரா நொப்பெலோவில் பிறந்த பெட்ருஸ் ஓலாய் வரை பதிவுகள் தலைமுறை தப்பாமல் இணைய வேண்டும்.